மாருல வர்ற புத்துநோய் இப்பல்லாம் எந்த ஸ்டேஜ்ல தெரியவருது, முன்னைக்கு இப்ப என்ன மாறியிருக்கு: நம்ம டெல்டா பொம்பளைங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

நான் குடவாசல் பக்கத்துல ஒரு கிராமம். டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, மகளிர் குழுவுல பதினஞ்சு வருசமா இருக்கேன், அவ்ளோதான். ஆனா எங்க குடும்பத்துல மூணு தலைமுறையா இந்த நோயப் பாத்தாச்சு. அம்மாச்சி 1986ல செத்தாங்க, அவங்களுக்கு என்ன ஸ்டேஜ்னு யாருக்குமே தெரியாது, ஏன்னா கடைசி வரைக்கும் எந்த டாக்டரும் அவங்கள பாக்கவே இல்ல. பெரியம்மாவுக்கு 2004ல ஸ்டேஜ் 3. எங்க அக்காவுக்கு 2022ல ஸ்டேஜ் 2. அக்காகூட ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சதுல இருந்து எங்க பக்கம் யாருக்கு மாருல கட்டின்னாலும் என்னத்தான் கூப்புடுவாங்க, நானும் கூட போவேன், டாக்டர்ங்ககிட்ட கேட்டுக் கேட்டு, படிச்சுப் படிச்சு தெரிஞ்சுக்கிட்டத இங்க எழுதுறேன். கேள்வி எல்லாம் குழு கூட்டத்துலயும் நடவு வயல்லயும் ஆஸ்பத்திரி வராண்டாவுலயும் நெசமாவே கேட்டதுதான்.

ஸ்டேஜ் ஸ்டேஜ்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னக்கா?

நோய் எவ்ளோ தூரம் போயிருக்குங்குற கணக்கு. மூணு விசயத்த வச்சு போடுவாங்க. கட்டி எத்தன சென்டிமீட்டர், அக்குள்ல நெறி கட்டியிருக்கா அதுல நோய் இருக்கா, ஒடம்புல வேற எடத்துக்கு (எலும்பு, நுரையீரல், ஈரல், மூள) போயிருக்கா. தோராயமா சொல்றேன், கட்டி 2 சென்டிமீட்டருக்குள்ள இருந்து அக்குள் சுத்தமா இருந்தா ஸ்டேஜ் 1. அதவிட பெருசா இருந்தாலோ அக்குள்ல ஒண்ணு ரெண்டு நெறில வந்திருந்தாலோ ஸ்டேஜ் 2. நெறி நிறைய கட்டி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா, இல்ல தோல் புண்ணாயிருந்தா, நெஞ்சுச் சுவத்தோட ஒட்டியிருந்தா ஸ்டேஜ் 3. வேற உறுப்புக்குப் போயிருந்தா ஸ்டேஜ் 4. இதுக்கெல்லாம் முந்தி ஸ்டேஜ் 0ன்னு ஒண்ணு இருக்கு, பால் கொழாய்க்குள்ளயே அடங்கி வெளிய வராம இருக்குறது, அது கைக்கு பெரும்பாலும் தட்டுப்படாது, மேமோகிராம்லதான் (மாருக்குன்னே எடுக்குற எக்ஸ்ரே) தெரியும்.

மொதல்ல ஸ்டேஜ் 2ன்னு எழுதுனாங்க, ரெண்டு வருசம் கழிச்சு எலும்புக்கு போயிடுச்சு. இப்ப கணக்குல ஸ்டேஜ் 4ஆ?

இல்ல. மொதமொதல்ல கண்டுபிடிச்சப்ப போட்ட ஸ்டேஜ்தான் ரிக்கார்டுல நிக்கும், அதுக்கப்பறம் வந்தா "திரும்ப வந்துச்சு, பரவிடுச்சு"ன்னு தனியா எழுதுவாங்க. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா, கீழ நான் சொல்ற சதவீதம் எல்லாமே கண்டுபிடிச்ச அன்னிக்கு எந்த நெலமையில இருந்தாங்கங்குற கணக்குதான், கடைசியில என்ன ஆனாங்கங்குற கணக்கு இல்ல.

அந்தக் காலத்துல எல்லாம் எந்த ஸ்டேஜ்ல வந்தாங்க?

எங்க அம்மாச்சி கதைய சொன்னா புரியும். மாருல புண்ணு, துணிய வச்சு கட்டிக்கிட்டு வயலுக்கு போயிட்டு வந்தாங்களாம். வாடை வருதுன்னு பின்கட்டுலயே படுத்துக்கிட்டாங்க, சோறு வைக்கப் போற எங்கம்மாகிட்ட கூட காட்ட மாட்டாங்க. வீட்டு ஆம்பளைங்களுக்கு அவங்க சாவுற வரைக்கும் என்ன நோயின்னே தெரியாது. அந்த மாதிரி போனவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க, அதனால பழைய காலத்து நெலம, ரிக்கார்டுல இருக்குறத விட மோசமாத்தான் இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன்.

ரிக்கார்டுன்னு பாத்தா, முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்தான் சென்னைக்கு புத்துநோய் பதிவேடு போட ஆரம்பிச்சாங்க, அது 1980கள் ஆரம்பத்துல. அப்ப பொம்பளைங்களுக்கு மொத எடத்துல இருந்தது கர்ப்பவாய் புத்துநோய். அப்பறம் அது கொறஞ்சுகிட்டே வந்துச்சு, மார்பு ஏறிக்கிட்டே வந்துச்சு, இப்ப நாட்டுலயே பொம்பளைங்களுக்கு வர்ற புத்துநோய்ல மார்புதான் முன்னாடி நிக்குது. 2012க்கு அப்பறம் தமிழ்நாடு முழுசுக்கும் பதிவேடு வந்துச்சு, அதுல நம்ம மாவட்டங்களும் சேத்தி.

தேசிய பதிவேட்டோட 2020 அறிக்கையில, ஆஸ்பத்திரிக்கு வந்த மார்புப் புத்துநோய்க்காரங்கள்ல 57 சதவீதம் பேரு, நோய் அக்கம்பக்கத்துக்கு (நெறி, தோல், நெஞ்சுச் சுவரு) பரவுன பிறகுதான் வந்திருக்காங்கன்னு போட்டிருக்கு. பாதிக்கு மேல. 2020லயும் இதுதான் நெலம. அம்மாச்சி காலத்துலேர்ந்து மாறியிருக்கு, ஆனா மாறவேண்டிய அளவுக்கு மாறல.

வெளிநாட்டுல எல்லாம் ஸ்டேஜ் 1லயே புடிச்சுடுறாங்களாமே?

பாதி உண்மை. அமெரிக்காவுல 1980கள்லேர்ந்து மேமோகிராம ஊரு பூரா எடுக்க ஆரம்பிச்சாங்க. 1976லேர்ந்து 2008 வரைக்கும் உள்ள கணக்க எடுத்து 2012ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. ஆரம்ப ஸ்டேஜ்ல கண்டுபிடிக்கிறது 40 வயசு தாண்டுன லட்சம் பொம்பளைங்களுக்கு 112லேர்ந்து 234 ஆச்சு, ரெண்டு மடங்குக்கு மேல. சரி, ஆரம்பத்துலயே இவ்ளோ பேர புடிச்சா முத்துன கேஸ் அதே அளவுக்கு கொறையணுமில்ல? அது 102லேர்ந்து 94தான் ஆச்சு. எட்டு கேஸ்தான் கொறஞ்சுது.

அப்ப மிச்சம்? அதுல கொஞ்சம் பேருக்கு இருந்தது, கண்டுபிடிக்காம விட்டிருந்தாலும் ஆயுசுக்கும் தொந்தரவு பண்ணியிருக்காத கட்டின்னு அந்த ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. எத்தன பேருக்குன்னு டாக்டர்ங்களுக்குள்ளயே இன்னும் சண்ட ஓடுது. அதே அமெரிக்காவுல 1989லேர்ந்து மார்புப் புத்துநோயால சாவுறது 40 சதவீதத்துக்கு மேல கொறஞ்சிருக்கு, அதுல மேமோகிராமுக்கும் பங்கு இருக்கு, நல்ல மருந்து வந்ததுக்கும் பெரிய பங்கு இருக்கு.

நான் இதுலேர்ந்து எடுத்துக்கிட்டது ஒண்ணுதான். "ஸ்டேஜ் 1 கேஸ் கூடிப்போச்சு"ன்னு யாராவது பெருமையா சொன்னா, உடனே திருப்பி கேக்கணும், ஸ்டேஜ் 3ம் 4ம் கொறஞ்சுதா? அது கொறஞ்சாத்தான் நெசமான மாத்தம்.

அப்ப மேமோகிராம் தேவையில்லையா?

அப்படி சொல்லல. அவங்க பிரச்சன வேற நம்ம பிரச்சன வேற. அவங்க கைக்கே தட்டுப்படாத கட்டிய தேடுறாங்க, நம்ம ஊர்ல கைக்கு நல்லா தட்டுப்படுற கட்டிய வச்சிக்கிட்டு எட்டு மாசம் வீட்ல ஒக்காந்திருக்காங்க. நமக்கு மொதல்ல சரி பண்ண வேண்டியது அந்த எட்டு மாசம். 50 வயசுக்கு மேல டாக்டர் எடுக்கச் சொன்னா தாராளமா எடுங்க. சின்ன வயசுல மார்பு கெட்டியா இருக்கும், மேமோகிராம்ல வெள்ளையாத்தான் தெரியும், கட்டியும் வெள்ளை சுத்தியும் வெள்ளை, அதனால 40க்கு கீழ பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் மொதல்ல எழுதுவாங்க.

மெஷினே இல்லாம கையால பாத்தே ஸ்டேஜ கொறைக்க முடியுமா?

முடியும், நம்ம நாட்டுலயே காட்டியிருக்காங்க. மும்பையில டாடா மெமோரியல் ஆஸ்பத்திரிக்காரங்க 1998ல ஆரம்பிச்சு ஒண்ணர லட்சம் பொம்பளைங்கள ரெண்டு பங்கா பிரிச்சு, ஒரு பங்குக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருதடவ பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர் பொம்பளைங்க போய் கையால பரிசோதன பண்ணாங்க. டாக்டர் இல்ல, நம்மள மாதிரி பொம்பளைங்க. 20 வருசம் கழிச்சு 2021ல ரிசல்ட்ட போட்டாங்க. பரிசோதன பண்ணாத பக்கம் நோய் வந்தவங்கள்ல 47 சதவீதம் பேரு ஸ்டேஜ் 3, 4. பரிசோதன பண்ண பக்கம் 37 சதவீதம். 50 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் கொறஞ்சுது. 50க்கு கீழ உள்ளவங்கள்ல அப்படி கொறயல, அதையும் மறைக்காம சொல்லிடணும்.

இத நான் படிச்சப்ப எனக்கு தொண்டைய அடைச்சுக்கிச்சு. கோடி ரூபா மெஷின் இல்ல, ரெண்டு கை, ஒரு மறைப்பு, பத்து நிமிசம். இது எங்க பெரியம்மாவுக்கு கெடைச்சிருந்தா.

அப்ப மாசாமாசம் நானே தடவிப் பாத்துக்கிட்டா போதுமா?

அது மட்டும் போதாது. சீனாவுல ஷாங்காய்ல 2,66,000 மில்லு பொம்பளைங்கள வச்சு பாத்தாங்க, பாதிப் பேருக்கு நல்லா சொல்லிக்குடுத்து மாசாமாசம் பாக்கச் சொன்னாங்க, 2002ல ரிசல்ட்டு வந்தப்ப சாவு கொறயல. அதனால தேதி வச்சு பாக்கலயேன்னு யாரும் கவலப்பட வேணாம். ஆனா குளிக்கிறப்ப, ஜாக்கெட் போடுறப்ப நம்ம ஒடம்பு எப்படி இருக்குங்குறது நமக்குத் தெரிஞ்சிருக்கணும். புதுசா கட்டி, தோல் ஆரஞ்சு தோல் மாதிரி குழி விழுறது, காம்பு உள்ள இழுத்துக்கிறது, ஒரு பக்கம் மட்டும் ரத்தமா கசியிறது, அக்குள்ல நெறி, இதுல எது வந்தாலும் டாக்டர்கிட்ட காட்டணும்.

நம்ம பக்கம் ஏன் லேட்டாவே வர்றாங்க? படிப்பு இல்லாததாலயா?

படிப்பு மேல மட்டும் பழி போடுறது எனக்கு ஒத்துக்க முடியல. டீச்சர் ஒருத்தங்க, எம்.ஏ. படிச்சவங்க, ஒரு வருசம் மறைச்சாங்க, நாந்தான் கூட போனேன்.

நான் பாத்த வரைக்கும் டெல்டாவுல காலண்டர்தான் மொத எதிரி. எங்க பெரியம்மாவுக்கு கட்டி தட்டுப்பட்டது ஒரு ஆனி மாசம். அப்ப நாத்தங்கால் வேல. அப்பறம் நடவு, நடவுல ஒருநாள் போகலன்னா அன்னிக்கு கூலி இல்ல, அதோட நடவு கோஷ்டியிலேர்ந்து பேர நீக்கிட்டா அடுத்த வயலுக்கு கூப்புட மாட்டாங்க. நடவு முடிஞ்சா களையெடுப்பு. ஐப்பசி கார்த்திகையில மழை, ஆத்துல வெள்ளம், தெருவுல தண்ணி, எங்க போறது. மார்கழில கோயிலு கோலம். தை பொறந்தா அறுப்பு, பொங்கல். மாசி மாசம் அண்ணனுக்கு பொண்ணு பாத்துட்டாங்க, "கல்யாணத்த வச்சிக்கிட்டு இந்தப் பேச்ச எடுக்காத, பொண்ணு வீட்ல தெரிஞ்சா பரம்பரை நோயின்னு சொல்லிடுவாங்க"ன்னு அவங்களே வாய மூடிக்கிட்டாங்க. வைகாசில கல்யாணம் முடிஞ்ச மறுநாள்தான் எங்கம்மாகிட்ட சொன்னாங்க. முழுசா பதினோரு மாசம். இதுல ஒரு மாசத்தையும் தப்புன்னு சொல்ல முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நியாயம் இருந்துச்சு, அதான் கொடுமை.

அடுத்தது கூட போக ஆள். வீட்டுக்காரர் சிங்கப்பூர்லயோ துபாய்லயோ இருப்பாரு, மாமியாருக்கு முட்டிவலி, புள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம். தஞ்சாவூர் போய் ஓபில நின்னு டெஸ்ட்டுக்கு எழுதி வாங்குனா அன்னிக்கு பொழுது போச்சு, ரிசல்ட்டுக்கு மறுபடி ஒருநாள். டவுன் பஸ்ல 2021லேர்ந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லங்குறது நெசமாவே பெரிய ஒதவி, ஆனா ஒருநாள் கூலி போறது போறதுதான்.

அதுக்கடுத்தது கூச்சம். ஆம்பள டாக்டர்கிட்ட காட்டணுமேன்னு. இதுக்கு நான் ஒண்ணு சொல்லுவேன், பொம்பள டாக்டர் இருக்காங்களான்னு கேளுங்க, நர்ஸ் கூட நிக்கணும்னு கேளுங்க, அது உங்க உரிமை, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

வலிக்கவே இல்லையேக்கா, அப்பறம் என்ன?

வலிக்காத கட்டியத்தான் மொதல்ல காட்டணும். இந்த நோய் ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. அந்த வலியில்லாத காலம்தான் ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 2.

ஊசி குத்தி சதை எடுத்தா பரவிடும்னு சொல்றாங்களே?

பரவாது. பயாப்ஸி எடுக்காம எந்த கட்டிய எப்படி வைத்தியம் பண்றதுன்னே தெரியாது. பயாப்ஸி எடுத்தப்பறம் ஒருத்தங்க செத்தா ஊரு ஊசிய சொல்லும், அவங்க ஸ்டேஜ் 4ல வந்தத சொல்லாது. பத்து போடுறது, கட்டு கட்டுறது, சூடு வைக்கிறது, இதுலதான் மாசக்கணக்கா போவுது, அதுக்குள்ள கட்டி வளந்துடும்.

பால் குடுக்குறவளுக்கு கட்டி இருந்தா அது பால்கட்டுதானே?

முக்காவாசி பால்கட்டுதான், பயப்படாதீங்க. ஆனா புள்ளைக்கு நல்லா குடுத்து, மருந்தும் சாப்ட்டு, ரெண்டு மூணு வாரத்துல கரையலன்னா ஸ்கேன் பாத்தே ஆகணும். நம்ம நாட்டுல இந்த நோய் வர்ற வயசு வெள்ளக்காரங்கள விட பத்து வருசம் போல முன்னாடி, நாப்பதுகள்லயே நிறைய பேரு, முப்பதுகள்லயும் பாத்திருக்கேன்.

ஸ்டேஜ் மாறுனது எல்லாம் மெஷின் வந்ததாலதானோ? பழைய கணக்கையும் புது கணக்கையும் ஒப்பிடலாமா?

நல்ல கேள்வி, எங்க குழுவுல கல்லூரில படிக்கிற ஒரு பொண்ணு கேட்டுச்சு. ஒப்பிடலாம், ஆனா ஜாக்கிரதையா.

கொள்முதல் நிலையத்த நெனைச்சுக்குங்க. முன்னாடி நெல்ல கையில அள்ளி, பல்லுல கடிச்சு பாத்து காஞ்சது ஈரம்னு ரெண்டு அம்பாரமா பிரிச்சாங்க. இப்ப ஈரப்பதம் பாக்குற மெஷின் வந்துடுச்சு, 17 சதவீதம் தாண்டுனா தள்ளி வைக்கிறாங்க. காஞ்சதுன்னு நெனைச்ச அம்பாரத்துல 18 இருந்த மூட்டைய தூக்கி ஈர அம்பாரத்துல போட்டா, காஞ்ச அம்பாரத்தோட சராசரி இன்னும் காஞ்சதா தெரியும். ஈர அம்பாரத்துல ஏற்கனவே 22, 24ன்னு கெடக்கு, அதுல 18 போய் சேந்தா அதோட சராசரியும் நல்லாவே தெரியும். ரெண்டு பக்கமும் நல்லா ஆயிடுச்சு, ஆனா ஒரு நெல்லு கூட காயல.

அதே கததான் இங்க. முன்னாடி எக்ஸ்ரே மட்டும் எடுத்து ஸ்டேஜ் 3ன்னு போட்டாங்க. இப்ப சிடி, பெட் ஸ்கேன் எடுத்தா எலும்புல சின்னதா ஒரு புள்ளி தெரியும், உடனே ஸ்டேஜ் 4. அந்தம்மா லேட்டா வரல, மெஷின் உத்துப் பாத்துச்சு, அவ்ளோதான். ஸ்டேஜ் 3ல மிச்சம் இருக்குறவங்க நல்லா பொழைக்கிற மாதிரி தெரியும், ஸ்டேஜ் 4லயும் அதே மாதிரி தெரியும்.

மெஷின் மட்டுமில்ல, கணக்குமுறையும் மாறிடுச்சு. எங்க பெரியம்மாவுக்கு கழுத்துப்பட்டை எலும்புக்கு மேல அதே பக்கத்துல ஒரு நெறி இருந்துச்சு. 2003க்கு முன்னாடி அத ஸ்டேஜ் 4ன்னுதான் எழுதுவாங்க. அதுக்கப்பறம் அத ஸ்டேஜ் 3க்கு மாத்துனாங்க, ஏன்னா அவங்கள்ல நல்ல வைத்தியம் பண்ணா பொழைக்கிறவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. பெரியம்மா 2004ல போனதால ஸ்டேஜ் 3. ரெண்டு வருசம் முந்தி போயிருந்தா அதே நோய், அதே ஒடம்பு, ரிப்போர்ட்ல மட்டும் 4. 2018லேர்ந்து இன்னொரு மாத்தமும் வந்துச்சு. கட்டியோட சைஸ், நெறி மட்டும் பாக்காம ஈஆர், பிஆர் (ஹார்மோனால வளருற கட்டியான்னு காட்டுறது), ஹெர்2 (ஒரு புரதம்)ன்னு கட்டியோட குணத்தையும் சேத்து ஸ்டேஜ் போடலாம்னு. அதனால ஒரே அளவு கட்டி உள்ள ரெண்டு பேருக்கு வேற வேற ஸ்டேஜ் எழுதியிருந்தா தப்பா எழுதிட்டாங்கன்னு சண்டைக்கு போயிடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க.

கொரோனா சமயத்துல என்ன ஆச்சு?

2020 மார்ச்சுலேர்ந்து மே வரைக்கும், நாட்டுல உள்ள 41 புத்துநோய் ஆஸ்பத்திரிங்கள்ல புதுசா பதிவான நோயாளிங்க முந்தின வருசத்த விட 54 சதவீதம் கொறஞ்சாங்க. நோய் கொறயல, ஆளுங்க வர முடியல. பஸ் இல்ல, இ-பாஸ், பயம். எங்க பக்கத்து ஊரு ஒரு தங்கச்சி அந்த வருசம் சித்திரையில கட்டிய பாத்துட்டு தீபாவளி கழிச்சுதான் போச்சு. அதுக்கு ஸ்டேஜ் 3.

ஸ்டேஜ் 3ன்னா அவ்ளோதானா?

இல்லவே இல்ல. இத நான் யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். நம்ம நாட்டுல 11 பதிவேட்டு கணக்க எடுத்து பாத்ததுல, அஞ்சு வருசம் தாண்டி இருந்தவங்க மொத்தத்துல 66 சதவீதம். நோய் மார்போட நின்னவங்கள்ல 81, அக்கம்பக்கம் பரவுனவங்கள்ல 65 சொச்சம், தூர உறுப்புக்கு போனவங்கள்ல 18. அந்த நடு நம்பர பாருங்க, மூணு பேருல ரெண்டு பேரு (நெறிக்குப் பரவுன ஸ்டேஜ் 2ம் இதுல சேத்தி). ஸ்டேஜ் 3க்கு பெரும்பாலும் மொதல்ல கீமோ குடுத்து கட்டிய சுருக்கி, அப்பறம் ஆபரேஷன், அப்பறம் ரேடியேஷன், ஈஆர் இருந்தா அஞ்சு பத்து வருசம் மாத்திரை. எங்க பெரியம்மா அதுக்கப்பறம் பதினாலு வருசம் இருந்தாங்க, பேரப்புள்ளைக்கு காதுகுத்து பாத்துட்டுதான் போனாங்க.

ஸ்டேஜ் 4லயும் இப்ப மருந்து நிறைய இருக்கு, வருசக்கணக்கா வேல வெட்டி பாத்துக்கிட்டு இருக்குறவங்கள நான் பாக்குறேன். ஆனா 81க்கும் 18க்கும் நடுவுல உள்ள தூரம்தான் நம்ம பேசிக்கிட்டிருக்குற எட்டு மாசம், பதினோரு மாசம் எல்லாம்.

குடும்பத்துல இருந்தா நமக்கும் வந்துடுமா?

மொத்தத்துல நூத்துக்கு அஞ்சுலேர்ந்து பத்து பேருக்குத்தான் பரம்பரை ஜீனால வருது. அம்மாவுக்கோ கூடப்பொறந்தவளுக்கோ சின்ன வயசுல வந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லி வைங்க, எப்பலேர்ந்து, எத வச்சு பாக்கணும்னு அவங்க சொல்லுவாங்க. நான் வருசத்துக்கு ஒருதடவ பாத்துக்கிறேன். குடும்பத்துல யாருக்குமே இல்லன்னு நிம்மதியா இருக்கவும் கூடாது, நான் கூட போனவங்கள்ல முக்காவாசி பேரு வீட்டுல மொத ஆளு.

சர்க்காரு என்ன பண்றாங்க, நெசமா ஏதாவது மாறுதா?

மாறுது, மெதுவா. 30 வயசு தாண்டுன பொம்பளைங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரில மார்பு, கர்ப்பவாய் ரெண்டும் பாக்குற ஏற்பாடு இருக்கு. 2021 ஆகஸ்ட்லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் சுகர் பாக்க வீட்டுக்கே அக்காங்க வராங்க, வாசல்ல அவங்ககிட்ட கட்டி இருக்குன்னு சொன்னாலே எங்க போகணும்னு சொல்லிடுவாங்க. ஆனா 2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்குல, 30லேர்ந்து 49 வயசுக்குள்ள ஒரு தடவையாவது மார்பு பரிசோதன பண்ணிக்கிட்டவங்க தமிழ்நாட்டுல 5.6 சதவீதம்தான். நாடு முழுசுக்கும் ஒரு சதவீதம் கூட இல்ல, அதுக்கு நம்ம பரவால்லன்னு சொல்லுவாங்க, எனக்கு அதுல ஆறுதல் இல்ல. நூறு பேருல 94 பேர யாரும் பாக்கவே இல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2021ல இதுக்குன்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதோட இலக்கு இதுதான், நூத்துக்கு 60 பேருக்கு மேல ஸ்டேஜ் 1, 2லயே தெரியணும், ஆஸ்பத்திரிக்கு வந்த 60 நாளுக்குள்ள என்னன்னு முடிவா சொல்லிடணும், 80 சதவீதம் பேரு வைத்தியத்த பாதில விடாம முடிக்கணும். அந்த 60 நாள மனசுல வச்சிக்குங்க, அடுத்த கேள்விக்கு வேணும்.

டாக்டர் பாத்துட்டு "ஒண்ணுமில்ல, கொழுப்புக்கட்டி"ன்னு சொல்லிட்டாங்க, விட்டுடலாமா?

எதப் பாத்து சொன்னாங்க? கையால பாத்து மட்டும் சொன்னாங்களா, ஸ்கேன் எடுத்தாங்களா? எங்க அக்காவுக்கு ஒரு தனியார் கிளினிக்ல தொட்டுப் பாத்துட்டு கொழுப்புக்கட்டின்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. அக்காவும் சந்தோசமா வந்துடுச்சு. மூணு மாசம் கழிச்சு கட்டி பெருசானதும் நாந்தான் அடம்புடிச்சு வேற எடத்துக்கு கூட்டிட்டுப் போனேன், ஸ்கேன், மேமோகிராம், பயாப்ஸி, எல்லாம் சேத்து 19 நாள்ல ரிசல்ட்டு வந்துடுச்சு, ஆனா மொத கிளினிக்லேர்ந்து கணக்கு பாத்தா அந்த 60 நாள் தாண்டிப்போச்சு. ஸ்டேஜ் 2. அந்த மூணு மாசம் இல்லன்னா 1ஆ இருந்திருக்குமோன்னு இன்னமும் ராத்திரி நெனைப்பு வரும். அதனால கையால பாக்குறது, ஸ்கேன், தேவைன்னா ஊசில சதை எடுத்து பாக்குறது, இந்த மூணும் ஒரே பதில சொல்ற வரைக்கும் விடாதீங்க. ரிப்போர்ட்ட வாங்கி கைல வச்சிக்குங்க. மாதவிலக்கு ஒண்ணு முடிஞ்சும் கட்டி அப்படியே இருந்தா திரும்பப் போங்க.

காசுக்கு என்னக்கா பண்றது?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட கார்டு இருந்தா ஒரு குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் இதுல வரும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல உள்ள காப்பீட்டு மையத்துக்கு போங்க. கட்டி தெரிஞ்சப்பறம் கார்டுக்கு அலையிறதுல ரெண்டு மூணு வாரம் போயிடுது, அதனால ஒடம்பு நல்லா இருக்குறப்பவே கார்டு எடுத்து வச்சிக்குங்க. சந்தேகம்னா 104க்கு போன் போட்டு கேக்கலாம்.

இப்ப எனக்கு கட்டி இருக்கு. இன்னும் பத்து நாள் நடவு பாக்கி இருக்கு, முடிச்சுட்டு போலாமா?

பத்து நாளுல கட்டி ஸ்டேஜ் மாறிடாது, அத சொல்லி உங்கள பயமுறுத்த மாட்டேன். ஆனா பத்து நாளு பத்து நாளாவே இருக்காது, எங்க பெரியம்மாவும் நடவு முடியட்டும்னுதான் சொன்னாங்க. இன்னிக்கே கோஷ்டி தலைவிகிட்ட ஒரு நாள் மட்டும் லீவு சொல்லிடுங்க, பக்கத்துல உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போதும், காலையில எட்டு எட்டரைக்கெல்லாம் போயிட்டா மத்தியானத்துக்குள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு சீட்டு எழுதி வாங்கிடலாம். முன்பக்கம் பொத்தான் வச்ச ஜாக்கெட்டு போட்டுக்குங்க, பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தா எடுத்துக்குங்க, கட்டிய மொதல்ல எப்ப பாத்தீங்கன்னு மாசத்த உள்ளபடியே சொல்லுங்க, லேட்டா வந்ததுக்கு திட்டுவாங்களோன்னு கொறச்சு சொல்லாதீங்க. கூட வர ஆள் இல்லன்னா உங்க குழுவுல ஒருத்தங்கள கூட்டிக்கிட்டு போங்க, எங்க குழுவுல அவங்க அன்னிக்கு விட்ட கூலிய மத்த பதினோரு பேரும் பிரிச்சு குடுத்துடுறோம்.